ஹூக்ளியில் எறிந்தாலும் ஐந்து சதவீதம்

2025 மார்ச் மாதம் மேற்கு வங்கச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 1993 முதல் மாநில அரசு தனியார் தொழில் நிறுவனங்களுக்கு அறிவித்த ஊக்குவிப்புத் திட்டங்கள் அனைத்தையும் அது ஒரே வீச்சில் இரத்து செய்கிறது. இனி வழங்க வேண்டியவை மட்டுமல்ல, ஏற்கெனவே வாக்களித்து இன்னும் கொடுபடாமல் நிற்கும் தொகைகளுக்கான உரிமையும் அத்துடன் அற்றுப்போகிறது. ஏப்ரல் 2 அன்று அரசிதழில் வெளியான இச்சட்டத்திற்கு அரசு கூறிய காரணம், விளிம்புநிலை மக்களுக்கான சமூக நலத் திட்டங்களுக்கு நிதியைத் திருப்பிவிடுவது என்பதாகும். சிமெண்ட், இரும்பு நிறுவனங்கள் பல கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துள்ளன.

தமிழ்நாட்டில் இது அதிகம் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. செய்தியைக் கேள்வியுற்ற தோழர்கள் சிலர், பெருமுதலாளிகளுக்கான சலுகையை ஓர் அரசு நிறுத்துகிறது என்றால் நாம் வரவேற்க வேண்டாமா என்று கேட்டனர். இங்குள்ள தோழர்களில் சிலரோ, எஞ்சியிருக்கும் தொழிலும் வெளியேறுவதற்கு இதுவே வழி என்று வெகுண்டனர். இரண்டு கருத்துகளும் ஒரு கேள்வியைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. இந்தப் பணம் யாருக்கு, எவ்வளவு, எந்த நிபந்தனையின் பேரில் 30 ஆண்டுகளாகச் சென்றது? சட்டத்தை இயற்றிய அரசு அந்தப் பட்டியலை மக்கள் முன் வைக்கவில்லை. வழக்குத் தொடுத்த நிறுவனங்களுக்கும் அதை வைக்கும் விருப்பமில்லை.

சட்டம் வருவதற்கு ஒரு மாதம் முன்புதான், 2025 பிப்ரவரி 5, 6 தேதிகளில், வங்க உலக வணிக உச்சிமாநாடு கொல்கத்தாவில் நடந்தது. 4,40,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட முதலீட்டு முன்மொழிவுகள் வந்ததாக முதலமைச்சர் மம்தா பானர்ஜி அறிவித்தார். பிப்ரவரியில் மாலை மரியாதை, மார்ச்சில் கதவடைப்பு. இதே மாநாட்டின் 2023 நவம்பர் மேடையில்தான் முகேஷ் அம்பானி 20,000 கோடி ரூபாய் முதலீட்டை அறிவித்தார். காளிகாட் கோயிலைப் புதுப்பிக்கும் பணியை ரிலையன்ஸ் அறக்கட்டளை ஏற்றிருப்பதையும் அப்போதே பெருமையுடன் குறிப்பிட்டார். கோயில் சீரமைக்கப்பட்டது, 2025 ஏப்ரலில், வங்கப் புத்தாண்டின் முந்தைய நாள், அரசு கட்டிய வான்நடைபாதையும் திறக்கப்பட்டது. மம்தா பானர்ஜியின் வீடு இருக்கும் ஹரிஷ் சாட்டர்ஜி தெரு அங்கிருந்து கூப்பிடு தொலைவு. தனியார் மூலதனமும் அரசும் வங்கத்தில் கைகோத்துக் கண்ணுக்குத் தெரியும்படி எதையேனும் முடித்திருக்கின்றன என்றால் அது ஒரு கோயில்தான் என்று இப்பகுதியில் கேலி பேசுவோர் உண்டு. வங்கமொழியில் 'ஷில்பொ' என்றால் தொழில்துறை. கலை என்பதற்கும் அதே சொல். மொழிபெயர்ப்பில் நான் அடிக்கடி தடுக்கிய சொல் இது. இங்குள்ள உச்சிமாநாடுகளைப் பற்றி எழுதும்போது மட்டும் எந்தப் பொருளில் பெயர்த்தாலும் பிழையில்லை.

கேலி ஒருபுறமிருக்கட்டும். தனியார் முதலீட்டுக்கு அரசு தாங்குகட்டை கொடுப்பது என்பதன் வரலாறு இந்நாட்டில் தாராளமயத்துடன் தொடங்கியதன்று. காளிகாட்டை ஒட்டி ஓடும் ஆதிகங்கை ஹூக்ளி ஆற்றின் பழைய தடம் என்பர். அந்த ஹூக்ளியின் மறுகரையில், ஹவுராவில், அது தொடங்கியது.

1849 ஆகஸ்டு 17 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி, கிழக்கிந்திய இரயில்வே நிறுவனத்துடன் இலண்டனில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இரயில் பாதைக்கான நிலத்தை அரசு இலவசமாகக் கொடுக்கும். ஆங்கிலேயப் பங்குதாரர்கள் போடும் மூலதனத்திற்கு ஆண்டுக்கு 5 சதவீத வருவாய் உறுதி. இரயில் ஓடி இலாபம் வந்தால் பங்குதாரர்களுக்கு அதிலும் பங்கு. வராவிட்டால் இந்திய விவசாயி கட்டிய நிலவரியிலிருந்து அந்த 5 சதவீதம் ஈடுகட்டப்படும். 1854 ஆகஸ்டு 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளி வரை முதல் வண்டி ஓடியது. அடுத்த ஆண்டு ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்கள் வரை பாதை நீண்டது. நமது நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும் திருச்சிக்கும் 1860களின் தொடக்கத்தில் பாதை போட்ட நிறுவனமும் இதே உத்தரவாதத்தின் கீழ்தான் போட்டது.

உத்தரவாதம் என்ன செய்தது? செலவைக் குறைக்க வேண்டும் என்ற கவலையையே அது நிறுவனங்களிடமிருந்து அகற்றிவிட்டது. ஒரு மைலுக்கு மதிப்பிட்ட தொகையைவிட மிக அதிகமாகச் செலவாயிற்று. செலவு கூடக்கூட, அதன்மீது உறுதிசெய்யப்பட்ட வட்டியும் கூடியது. இந்தியாவின் நிதி உறுப்பினராக இருந்த மாஸ்ஸி 1872இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளிக்கையில் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். இந்திய வருவாயிலிருந்து 5 சதவீதம் கிடைப்பது உறுதியாகிவிட்ட பிறகு, தான் கொடுத்த பணம் ஹூக்ளி ஆற்றில் எறியப்படுகிறதா, செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறுகிறதா என்பது ஆங்கிலேய முதலாளிக்கு ஒரு பொருட்டே அல்ல என்பது அவர் கூற்றின் சாரம். சொன்னவர் புரட்சிக்காரர் அல்லர். அந்த அரசின் கணக்கைப் பார்த்தவர்.

இதை நம் முன்னோர் புரிந்துகொண்டிருந்தனர். கல்கத்தாவின் ரொமேஷ் சந்திர தத்தர் தமது பொருளாதார வரலாற்று நூலில் இந்த உத்தரவாத முறையைக் கடுமையாகச் சாடினார். 1897இல் வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்த இந்தியர்களுள் வங்கத்தின் சுரேந்திரநாத் பானர்ஜியும் உண்டு. 'சுதேசமித்திரன்' தொடங்கிய நம் ஜி. சுப்பிரமணிய ஐயரும் உண்டு. இரயிலே வேண்டாம் என்பது அவர்களுடைய வாதமன்று. இரயில் யாருக்காக, யார் செலவில், யார் இலாபத்திற்கு என்று கேட்டனர்.

இந்தக் கேள்வி மங்கிப்போனதற்குச் சொற்களும் ஒரு காரணம். அண்மைக் காலமாக உலக வங்கியின் ஆவணங்களில் 'டீ-ரிஸ்கிங்' என்றொரு சொல் உலவுகிறது. வளரும் நாடுகளில் தனியார் முதலீடு செய்யத் தயங்குகிறது. ஆகவே அந்த நாட்டு அரசும் பன்னாட்டு நிதியமைப்புகளும் முன்வந்து அந்த முதலீட்டின் இடரை நீக்க வேண்டும் என்பது இக்கோட்பாடு. எனக்கு முன் சிலர் இதை 'இடர்நீக்கம்' என்று பெயர்த்துள்ளனர். இலக்கணப்படி சரி, பொருள்படி பொய். இடர் எங்கும் நீங்குவதில்லை. நிறுவனத்தின் கணக்கேட்டிலிருந்து அரசுக் கருவூலத்தின் கணக்கேட்டுக்கு அது இடம் மாறுகிறது. 'இடர்மாற்றம்' என்பதே நேர்மையான தமிழ். அவ்வாறே 'இன்சென்டிவ்' என்பது ஊக்கத்தொகையாகிறது. அதே அரசு ஏழைப் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தால் அது இலவசமாகிறது. 2022 ஜூலையில் பிரதமர் மோடி இதை 'ரேவ்டி' என்று, தெருவில் வாரி இறைக்கும் மிட்டாயாக, எள்ளி நகையாடினார். மூன்றாண்டுகளுக்கு முன், 2019 செப்டம்பரில், கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது அவருடைய அரசே. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே அன்று கூறினார். அதற்கு மிட்டாய்ப் பெயர் எதுவும் சூட்டப்படவில்லை.

விடுதலைக்குப் பின் பழைய உத்தரவாதம் மீண்டும் தலைகாட்டியது மகாராட்டிரத்தின் தபோலில். 1992இல் என்ரான் நிறுவனத்துடன் தொடங்கிய பேச்சு, அரசே விலை கொடுத்து வாங்கியாக வேண்டிய மின்சாரமாக முடிந்தது. மாநிலம் பணம் தராவிட்டால் ஒன்றிய அரசு தரும் என்ற எதிர் உத்தரவாதத்தை, 1996இல் 13 நாள் ஆண்ட வாஜ்பாய் அரசு தன் கடைசி நாளில் உறுதிசெய்துவிட்டுப் போயிற்று. அமெரிக்காவின் அயல்நாட்டுத் தனியார் முதலீட்டுக் கழகம் தன் பங்குக்குக் கடனும் காப்பீடும் அளித்தது. ஆக, முதலீட்டாளருக்கு இருபுறமும் இரண்டு அரசுகள் குடை பிடித்தன. மின்சாரத்தின் விலை தாங்க முடியாமல் 2001இல் மகாராட்டிரம் வாங்குவதை நிறுத்தியது, என்ரான் திவாலாயிற்று, நின்றுபோன நிலையத்தை இறுதியில் ஏற்றுக்கொண்டவை பொதுத்துறையின் என்டிபிசியும் கெயிலும்.

வங்கத்திற்குத் திரும்புவோம். 1993 என்ற ஆண்டு தற்செயலானதன்று. 1952 முதல் நடைமுறையில் இருந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, நிலக்கரியும் இரும்பும் அருகிலேயே கிடைக்கும் வங்கம், பீகார் போன்ற மாநிலங்களின் இயற்கையான சாதகத்தைப் பறித்திருந்தது. அது முடிவுக்கு வந்தது 1993இல்தான். எந்தத் தொழிலை எங்கே தொடங்கலாம் என்று தீர்மானித்த ஒன்றிய அரசின் உரிம முறை அதற்குச் சற்று முன் 1991இல் தளர்ந்தது. திட்டமிடும் பொறுப்பை ஒன்றிய அரசு கைகழுவியவுடன் மாநிலங்கள் முதலீட்டாளர் வாசலில் வரிசையில் நின்றன. ஜோதிபாசு அரசு 1994 செப்டம்பரில் புதிய தொழிற்கொள்கை அறிக்கையை வெளியிட்டது இந்தச் சூழலில்தான். அன்றைய நெருக்கடியை மறந்துவிட்டு இன்று தீர்ப்பு எழுதுவது எளிது. பிறர் கொடுக்கும்போது நான் கொடுக்காவிட்டால் எனக்குத் தொழில் வராது என்ற பொறியில் எல்லா மாநிலங்களும் சிக்கின. சலுகையில் முந்துகிற மாநிலத்தைக் கண்டு அடுத்த மாநிலம் இன்னும் அதிகம் கொடுத்தது.

இப்பொறியின் முழு உருவமும் சிங்கூரில் வெளிப்பட்டது. 2006 மே 18 அன்று புத்ததேவ் பட்டாச்சார்யாவும் ரத்தன் டாடாவும் சிறிய கார் தொழிற்சாலையை அறிவித்தனர். 1894ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தைக் கொண்டு, 'பொது நோக்கம்' என்ற பெயரில், 997 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. நிலத்தைப் பற்றி நாடே பேசியது. நிலத்தோடு கொடுக்கப்பட்ட மற்றவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. உத்தரகாண்டில் தொழில் தொடங்கினால் ஒன்றிய அரசின் வரிவிலக்குகள் மூலம் டாடாவுக்கு எவ்வளவு மிச்சமாகுமோ அதற்கு ஈடானதை வங்கம் தன் கையிலிருந்து தருவது என்பதே ஒப்பந்தத்தின் அடிப்படை. 200 கோடி ரூபாய் கடன், வட்டி 1 சதவீதம், திருப்பிச் செலுத்தத் தொடங்குவது 21ஆம் ஆண்டில். இவையெல்லாம் 2008 செப்டம்பரில்தான் வெளிவந்தன. அப்போதும் முழு ஒப்பந்தத்தையும் வெளியிடுவது வணிக இரகசியத்தை மீறுவதாகும் என்று டாடா நிறுவனம் உயர் நீதிமன்றத்தை நாடியது. மக்களின் நிலம், மக்களின் வரி; ஒப்பந்தம் மட்டும் இரகசியம். இடதுசாரிகள் பொறுப்பிலிருந்த மாநிலத்தில் இந்த இரகசியத்திற்கு இடம் கொடுத்ததே பெரும் பிழை என்பது என் கருத்து. ஒப்பந்தம் முதல்நாளே பொதுவெளியில் இருந்திருந்தால் சிங்கூரின் விவசாயியோடு அரசு வேறொரு பேச்சைப் பேச நேர்ந்திருக்கும்.

2008 அக்டோபர் 3 அன்று டாடா வெளியேறியது. நான்கே நாட்களில் குஜராத்தின் சானந்தில், விவசாயப் பல்கலைக்கழகத்திற்கு உரிய 1,100 ஏக்கர் தயாராக இருந்தது. திட்டத்தின் முதலீடு 2,900 கோடி. அதற்கு 9,570 கோடி ரூபாய் வரை 0.1 சதவீத வட்டியில், 20 ஆண்டு கழித்துத் திருப்பத் தொடங்கும் கடன் என்று அம்மாநில அரசு ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. இதில் 584.8 கோடி உண்மையில் வழங்கப்பட்டதாக 2018இல் குஜராத் அரசு தன் சட்டமன்றத்தில் தெரிவித்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் முழுவதும் அங்கு உற்பத்தியான நானோ கார் ஒன்றே ஒன்று. ஆலை வேறு கார்களைச் செய்து பிழைத்துக்கொண்டது. எந்தக் காருக்காக இரண்டு மாநிலங்கள் தங்களை விற்றனவோ அந்தக் கார் இல்லை.

வங்கத்தின் கணக்கு அத்துடன் முடியவில்லை. 2016 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தியதே செல்லாது என்று தீர்ப்பளித்து விவசாயிகளிடம் நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது. 2023 அக்டோபர் 30 அன்று மூவர் நடுவர் மன்றம் வேறொரு தீர்ப்பைத் தந்தது: டாடாவுக்கு மேற்கு வங்கத் தொழில் வளர்ச்சிக் கழகம் 765.78 கோடி ரூபாய் தர வேண்டும். 2016 செப்டம்பர் 1 முதல் 11 சதவீத வட்டியும் சேர்த்து. வட்டி மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 84 கோடி. மாநில அரசு எதிர்த்து வழக்காடுகிறது. ஹூக்ளி மாவட்டத்தில்தான் சிங்கூர் இருக்கிறது. மாஸ்ஸியின் சாட்சியத்தைப் படித்த ஒருவருக்கு இதில் புதிதாக வியக்க ஒன்றுமில்லை. அன்று 5 சதவீதம், இன்று 11.

சானந்து இன்னொரு பாடமும் தருகிறது. 2023இல் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் அங்கே குறைக்கடத்தி சோதனை, பொதிவு ஆலையை அறிவித்தது. மொத்தம் 275 கோடி டாலர். இதில் மைக்ரான் போடுவது 82.5 கோடி வரை மட்டும். பாதியை ஒன்றிய அரசும் ஐந்தில் ஒரு பங்கைக் குஜராத் அரசும் தருகின்றன. 100 ரூபாயில் 70 ரூபாய் மக்களுடையது. ஆலை முழுவதும் மைக்ரானுடையது. இத்தகைய ஆலையைப் பொதுத்துறையில் தொடங்க நிதி இல்லை என்று சொல்பவர்கள் இந்த 70 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டும். மொகாலியில் ஒன்றிய அரசுக்குச் சொந்தமான குறைக்கடத்தி ஆய்வகம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

தமிழ்நாட்டுத் தோழர்கள் இதை அயல் மாநிலக் கதையாகப் படிக்க இயலாது. அங்கு இதற்குக் 'கட்டமைக்கப்பட்ட சலுகைத் தொகுப்பு' என்று பெயர். 1990களில் ஃபோர்டுக்கும் ஹூண்டாய்க்கும் தொடங்கி, இரு கழக ஆட்சிகளும் மாறிமாறி வளர்த்த முறை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014 நவம்பர் 1 அன்று கதவடைத்தது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் வெளியேறுவதாக அறிவித்தது. தொழிலாளிக்கு வீட்டுக் கடனும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் எஞ்சின. வாங்கிய சலுகையைத் திருப்பிக் கொடு என்று கேட்க எந்த ஷரத்தும் வலுவாக இல்லை. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது ஊதியத்துக்காக மட்டுமா? சங்கத்தைப் பதிவு செய்வதற்காகவும்தான். பதிவு கிடைத்தது 2025 ஜனவரி இறுதியில். தொழிற்சங்கச் சட்டம் 1926இல் வந்தது. 99 ஆண்டு கழித்தும் ஒரு பதிவுக்கு இத்தனை மாதம் இழுத்தடித்ததும் முதலீட்டாளருக்கு வழங்கப்பட்ட சலுகையே. அதை எந்தக் கணக்குத் தணிக்கையும் ரூபாயில் குறிக்காது.

சலுகையில் பெரும்பகுதி எப்படிச் செல்கிறது என்பதையும் கிளைக்கூட்டங்களில் விளக்க வேண்டும், பலருக்குத் தெரியாது. அரசு காசோலை எழுதி முதலாளி கையில் கொடுப்பதாகவே பலர் எண்ணுகின்றனர். நீங்கள் வாங்கும் சிமெண்ட் மூட்டையின் விலைக்குள் வரி இருக்கிறது. கடைக்காரர் வழியாக அது நிறுவனத்துக்கும் நிறுவனத்திடமிருந்து மாநில அரசுக்கும் போகிறது. பிறகு 'தொழில் ஊக்குவிப்பு உதவி' என்ற பெயரில் அதே வரியின் பெரும்பங்கு பல ஆண்டுகளுக்கு நிறுவனத்துக்கே திரும்புகிறது. வீடு கட்டும் கொத்தனார் கட்டிய வரி கருவூலத்தின் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. வங்கத்தின் புதிய சட்டத்தால் சிமெண்ட் நிறுவனங்கள் கொதிப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் அச்சட்டத்தை ஆதரிக்கலாமே என்றால், என்னால் இயலாது. வாக்கைக் காப்பாற்றி ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்த ஆலைக்கும், சலுகையை வாங்கி ஏப்பமிட்டு ஆளில்லாமல் ஓட்டும் ஆலைக்கும் அது வேறுபாடு காணவில்லை. வேலை எண்ணிக்கையோ ஊதியமோ அதில் ஒரு சொல்லாகவும் இல்லை. உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையைப் புதுப்பிக்கவென்று அதன் உபரி நிலம் 314 ஏக்கர் வீட்டுமனை வணிகத்துக்கு விற்க இசைவு தரப்பட்டது. 2014 மே 24 அன்று ஆலை வாயில் மூடப்பட்டது. அங்கே நடந்ததற்கு யார் பொறுப்பு என்று இன்றுவரை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. கணக்கு கேட்காமல் கொடுத்த அரசுகளும் கணக்கு காட்டாமல் நிறுத்திய அரசும் ஒரே பழக்கத்தைச் சேர்ந்தவை. நலத்திட்டத்திற்கே பணம் என்று கூறப்படும் உறுதிமொழிக்கும் சட்டத்தில் பிடிமானம் ஏதுமில்லை. மிச்சமாகும் தொகை தனிநிதியாக வைக்கப்படவில்லை.

நாம் கேட்க வேண்டியது கடினமானதொன்றும் அன்று. பொதுப்பணம் பாதிக்கு மேல் போகும் இடத்தில் பொதுப்பங்குடைமை வேண்டும். ஆலையை மூடினால் வாங்கியதை வட்டியுடன் திருப்பித் தரும் ஷரத்து வேண்டும். 11 சதவீதம் டாடாவுக்கு நியாயமென்றால் நோக்கியா தொழிலாளிக்கும் அது நியாயமே. மாநிலங்கள் ஒன்றையொன்று விலை குறைத்து அழிந்துபோகாமல் சலுகைக்குப் பொதுவான உச்சவரம்பை மாநிலங்களே கூடி வகுக்க வேண்டும்; தில்லியிலிருந்து திணிக்கப்படும் வரம்பு குஜராத்திற்கு மட்டும் வளைந்துகொடுக்கும் என்பதை மைக்ரான் காட்டிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒப்பந்தங்கள் வெளிவர வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(b) பிரிவு, மானியத் திட்டங்களில் யாருக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதையும் பயனாளிகளின் விவரத்தையும், எவரும் கேட்காமலேயே, அரசு அமைப்புகள் வெளியிட வேண்டும் என்கிறது. வணிக இரகசியம் என்று மறுக்க 8ஆம் பிரிவில் இடமுண்டு. பொதுநலன் பெரிதென்றால் அந்த மறுப்பு நில்லாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. முதியோர் ஓய்வூதியம் பெறும் பாட்டியின் பெயர் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், ஒரகடம் கிளைகளில் உள்ள தோழர்கள் சிப்காட்டுக்கும் தொழில்துறைக்கும் ஆளுக்கொரு மனு எழுதட்டும்: எங்கள் வட்டாரத்து ஆலைகளின் பெயர்களும் தொகைகளும் எந்தச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன? மனுக் கட்டணம் 10 ரூபாய்.